புல்தரையின் கீழே ஒரு நாணயம்

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பகுதியில், பழமையான சிற்றூர் ஒன்றின் பூங்காவில் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மரக்கோபுரம் வைத்த வெள்ளை மாதாகோயில். இன்னொரு பக்கம் நகர மன்றம். நடுவே விரிந்த புல்வெளி. அதில் இருபது முப்பது பேர் கலைந்து நிற்கிறார்கள். காதில் ஹெட்போன், கையில் நீண்ட தடி, தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டு. முற்றம் பெருக்குவதைப் போல அதை இடமும் வலமும் வீசிக்கொண்டே அடிமேல் அடி வைத்து நடக்கிறார்கள். திடீரென்று ஒருவர் நிற்கிறார். வட்டை அதே இடத்தில் இரண்டு மூன்று முறை வீசிப் பார்க்கிறார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு சிறு கத்தியை எடுக்கிறார்.

இவர்கள் பூங்காத் தொழிலாளர்கள் அல்லர். ஆசிரியர், தச்சர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று பல தொழில் செய்பவர்கள். நகராட்சியின் அனுமதி பெற்று, விடுமுறை நாளில் ஒன்றுகூடி, மண்ணுக்கடியில் கிடக்கும் பழம்பொருளைத் தேடுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. கையிலிருக்கும் கருவி மெட்டல் டிடெக்டர். தமிழில் உலோகங்காட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

பூங்காவில் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். இவ்வூர்களின் நடுப்புல்வெளிக்கு 'காமன்' என்று பெயர். ஊர்ப் பொதுநிலம் என்று பொருள். நம் ஊர் மந்தைவெளியைப் போன்றது. பாஸ்டன் நகரின் காமன் 1634இல் ஏற்பட்டது. அங்கே 1830 வரை மாடுகள் மேய்ந்தன. ஊர்ப்படையினர் பயிற்சி செய்ததும் இத்தகைய வெளிகளிலேதான். சந்தை, திருவிழா, அரசியல் கூட்டம், காதலர் சந்திப்பு எல்லாம் அங்கேதான். மனிதன் நடமாடும் இடத்தில் எதையாவது தவறவிடுவான். சட்டைப் பொத்தான், துப்பாக்கியின் ஈயக்குண்டு, சில்லறைக் காசு, மோதிரம். விழுந்த பொருளை மண்புழுக்கள் மேலே கொட்டும் மண்ணும், உதிர்ந்து மக்கும் இலையும் மெல்ல மெல்ல மூடிவிடுகின்றன.

எனக்கு வியப்பளிப்பது அந்தப் பொருள்கள் அல்ல. மண்ணைத் தோண்டாமலே, "இது ஆணி, விட்டுவிடு, இது வெள்ளிக் காசு, எடு" என்று கருவி சொல்கிறதே, அதுதான். புதையல் என்றதும் நம்மவர்க்கு மை போட்டுப் பார்ப்பவர்தான் நினைவுக்கு வருவார். அவர் எப்படிச் சொல்கிறார் என்பதற்கு விதி ஏதும் கிடையாது. இந்தக் கருவிக்கு உண்டு. அது பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது.

ஒரு குடியரசுத் தலைவரின் படுக்கை

1881 ஜூலை 2ஆம் நாள், வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உயிர் இருந்தது, ஆனால் ஒரு குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உதவிக்கு வந்தார். டேவிட் ஹ்யூஸ் என்பவர் 1879இல் அமைத்திருந்த 'தூண்டல் தராசு' என்ற கருவியைத் திருத்தியமைத்து, அதன் முனையில் தொலைபேசியின் காதுக்குழலை இணைத்தார். உடலில் குண்டு தங்கிய பழைய போர்வீரர்களிடம் சோதித்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. ஜூலை 26லும் ஆகஸ்டு 1லும் கார்ஃபீல்டின் உடல்மீது அதை நகர்த்திப் பார்த்தார் பெல். இரண்டாம் முறை, ஓரிடத்தில் கேட்க வேண்டிய ஒலி பரந்த இடமெங்கும் மங்கலாகக் கேட்டது. காரணம் பிறகு தெரிந்தது. நோயாளியின் மெத்தைக்கடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது! போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டோ முதுகெலும்புக்கு இடப்பக்கம், ஆழத்தில் கிடந்தது. செப்டம்பர் 19இல் கார்ஃபீல்டு இறந்தார். காயத்தில் ஏற்பட்ட சீழ்நோயே அவரை மாய்த்தது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

பூங்காவில் வட்டை வீசி நடப்பவர் கையில் இருப்பது பெல்லின் அதே தராசுதான். அதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

சத்தமில்லாத தராசு

வட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்பும் சுருள். அதில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. 5 முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் வழக்கத்தில் உள்ளன. ஆகவே சுருளைச் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் தோன்றி, மண்ணுக்குள்ளும் ஊடுருவுகிறது. மற்றது ஏற்கும் சுருள். ஃபாரடே 1831இல் கண்ட விதிப்படி, மாறும் காந்தப்புலத்தில் இருக்கும் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட வேண்டும். அப்படியானால் உலோகம் இல்லாவிட்டாலும் கருவி ஓயாது ஒலிக்குமே?

இங்கேதான் தராசின் தந்திரம் இருக்கிறது. இரு சுருள்களும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்கப்படுகின்றன. படிந்த பகுதியில் காந்தப் பாயம் மேல்நோக்கிச் சென்றால், படியாத பகுதியில் கீழ்நோக்கிச் செல்லும். இரண்டும் சமமாகும்படி சரிசெய்துவிட்டால் ஏற்கும் சுருளில் நிகரப் பாயம் சுழி. இரு தட்டும் சமமாக நிற்கும் தராசு என்று இதைக் கொள்ளலாம்.

இப்போது கீழே ஒரு காசு வருகிறது. காசு ஒரு மின்கடத்தி. மாறும் காந்தப்புலம் அதற்குள் வட்டவட்டமாகச் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. லென்ஸ் விதிப்படி அவை தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும். அதாவது காசு தானே ஒரு குட்டி மின்காந்தமாகி, எதிர்ப்புலம் ஒன்றை மேலே அனுப்புகிறது. இப்புலம் இரு சுருள்களின் சமநிலையைக் குலைக்கிறது. ஏற்கும் சுருளில் நுண்ணிய மின்னழுத்தம் எழுகிறது. ஹெட்போனில் ஒலி கேட்கிறது.

சுழல் மின்னோட்டத்தை நீங்கள் வீட்டிலேயே உணரலாம். வலிமைமிக்க நியோடிமியக் காந்தம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியத்தாலான கனமான தோசைக்கல்லைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் காந்தத்தைச் சறுக்க விடுங்கள். (இரும்புக் கல் ஆகாது, காந்தம் ஒட்டிக்கொள்ளும்.) அது எண்ணெயில் இறங்குவதுபோல் மெதுவாக இறங்கும். அடுத்து, காந்தம் ஒட்டாத எவர்சில்வர் தட்டை அதே சாய்வில் பிடித்துச் சறுக்க விடுங்கள். விரைந்து விழுந்துவிடும். எவர்சில்வரின் தன்மின்தடை அலுமினியத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல்; தட்டும் மெல்லியது. சுழல் மின்னோட்டம் அங்கே சோர்ந்துபோகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணியா, வெள்ளியா?

இரண்டு ஊஞ்சல்கள் ஒரே வேகத்தில் ஆடுகின்றன. ஆனால் ஒன்று உச்சிக்குப் போய்ச் சிறிது நேரம் கழித்துத்தான் மற்றது உச்சிக்குப் போகிறது. இந்தப் பின்தங்கலைத்தான் கட்ட வேறுபாடு என்கிறோம். அனுப்பும் சுருளின் மின்னோட்டத்தை முதல் ஊஞ்சலாகவும், மண்ணுக்குள் இருந்து திரும்பி வரும் புலத்தை இரண்டாம் ஊஞ்சலாகவும் கொள்ளுங்கள்.

இரும்பு ஆணி என்றால், அது பெரும்பாலும் காந்தமாகித் திரும்புகிறது. அனுப்பும் புலம் ஏறும்போதே இதுவும் ஏறும். பின்தங்கல் மிகக் குறைவு. கடத்தியின் கதை வேறு. புலம் மாறும் வேகத்துக்கு ஏற்பத்தான் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பதால், அங்கேயே 90 பாகை பின்தங்கிவிடுகிறது. அதன்பின் உலோகத்தில் சுழலும் மின்னோட்டம் தன் தூண்டலினால் மேலும் பின்தங்குகிறது. மின்தடை மிகுந்திருந்தால் இந்த இரண்டாம் பின்தங்கல் சிறிது. மின்தடை மிகக் குறைவென்றால் அது இன்னொரு 90 பாகையை நெருங்கும். ஆக, கடத்திகள் எல்லாம் 90 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையே தத்தம் இடத்தில் வரிசையாக நிற்கின்றன. கருவி இந்தப் பாகையை அளந்து, ஓர் எண்ணாகவோ ஒலியின் சுருதியாகவோ காட்டுகிறது. கனமான வெள்ளிக் காசுக்கு உச்ச சுருதி. மெல்லிய தகட்டுக்குக் கீழ்ச் சுருதி.

அமெரிக்காவில் 1964 வரை 10 சென்ட், 25 சென்ட் காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. ஆகவே அவை மேல் சுருதியில் பாடும். 'நிக்கல்' எனப்படும் 5 சென்ட் காசில் பெயருக்கு மாறாக முக்கால் பங்கு செம்பு, கால் பங்குதான் நிக்கல். ஆனால் இந்தக் கலப்பினால் அதன் மின்தடை தூய செம்பைப்போல் ஏறக்குறைய 20 மடங்காகிவிடுகிறது. எனவே அது தாழ்ந்த குரலில்தான் பேசும். நம் நாட்டின் இன்றைய ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகு. அது அந்தப் பூங்காவில் விழுந்திருந்தால் அதைத் துருப்பிடித்த ஆணி என்று எண்ணிக் கடந்துபோவோர் பலர் இருப்பர்!

இப்போது தேடுவோரின் பெருஞ்சங்கடத்துக்கு வருவோம். 1960களில் அமெரிக்காவில் பானம் அடைத்த டின்களுக்கு, விரலை விட்டு இழுத்துப் பிய்த்தெறியும் அலுமினிய வளையம் வந்தது. எர்மல் ஃபிரேஸ் என்பவர் அமைத்த இதற்கு 1963இல் காப்புரிமை கிடைத்தது. உல்லாசப் பயணம் சென்ற இடத்தில் டின் திறப்பான் இல்லாமல் அவர் தவித்ததே இதற்கு மூலம் என்பார்கள். பிய்த்தவர்கள் வளையத்தை எங்கே போடுவார்கள்? புல்லில்தான். டின்னோடே ஒட்டியிருக்கும் மூடி 1970களின் நடுவில் வந்து பரவும்வரை, கோடிக்கணக்கான வளையங்கள் பூங்காக்களில் விழுந்தன. அலுமினியம் நல்ல கடத்தி. ஆனால் வளையம் சிறிது, மெல்லியது. தங்கமும் நல்ல கடத்தி, ஆனால் அவர்கள் நாட்டு மோதிரம் பெரும்பாலும் 14 காரட், பிற உலோகம் கலந்ததால் மின்தடை மிகுந்தது, அதுவும் சிறிது. விளைவு, வளையமும் மோதிரமும் நிக்கல் காசும் ஏறக்குறைய ஒரே பாகையில் வந்து நிற்கின்றன. குப்பையை ஒதுக்கும்படி கருவியைத் திருகிவிட்டால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடும். மோதிரம் வேண்டுமானால் நூறு வளையங்களைத் தோண்டும் பொறுமை வேண்டும். இரு பொருள்கள் ஒரே கட்டத்தில் மறுமொழி தந்தால், அந்த ஓர் அதிர்வெண்ணில் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் புதிய கருவிகள் ஓரளவு உதவுகின்றன, முழுவதும் அல்ல.

ஏன் ஆழம் போவதில்லை?

"சார், இன்னும் சக்தி வாய்ந்த பாட்டரி போட்டால் பத்தடி ஆழம் பார்க்கலாமா?" என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சுருளின் ஆரம் 10 செ.மீ. என்க. அச்சில் உள்ள ஒரு புள்ளியில் காந்தப்புலம், ஆரத்தின் வர்க்கத்தையும் தூரத்தின் வர்க்கத்தையும் கூட்டி வரும் எண்ணின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 10 செ.மீ. ஆழத்தில் அந்தக் கூட்டுத்தொகை 200. 20 செ.மீ. ஆழத்தில் 500. இரண்டரையின் ஒன்றரை அடுக்கு ஏறக்குறைய 4. ஆகவே கீழே போகும் புலம் நாலில் ஒரு பங்காகிறது. காசிலிருந்து திரும்பி வரும்போதும் அதே தேய்மானம். ஆக, மறுமொழி பதினாறில் ஒரு பங்கு. 20லிருந்து 40 செ.மீ.க்குப் போனால் இதே கணக்கு முப்பத்தொன்பதில் ஒரு பங்கு என்று காட்டும். அந்தக் குறையை மின்னோட்டத்தால் ஈடுசெய்ய அதை 39 மடங்காக்க வேண்டும். சுருளில் வீணாகும் வெப்பமோ 39இன் வர்க்கமாக, ஏறத்தாழ 1,500 மடங்காகும். பாட்டரி என்ன செய்யும், பாவம்! அதனால்தான் ஒரு காசை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் கேட்பது அரிது. பெரிய சுருள் ஆழத்தில் உதவும். ஆனால் மேலாகக் கிடக்கும் சிறு பொருளை அது மங்கலாகவே உணரும். அருகருகே கிடக்கும் காசையும் ஆணியையும் ஒன்றாகக் குழப்பும். கார்ஃபீல்டின் உடலில் குண்டு கிடந்த ஆழத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். மெத்தைக் கம்பி இல்லாமலிருந்தாலும் பெல்லுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் தாமும் மறுமொழி தரும். அதை வடிகட்டத்தான் வட்டை வீசிக்கொண்டே இருக்கிறார்கள். மண்ணின் மறுமொழி மெல்ல மாறும். காசின் மறுமொழி சட்டென்று எழுந்து அடங்கும்.

கூட்டத்தின் ஒழுங்கு

இத்தகைய கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சில மீட்டர் தள்ளியே நிற்கிறார்கள். மரியாதை மட்டும் காரணமல்ல. உங்கள் கருவியும் பக்கத்துக்காரர் கருவியும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கினால், அவருடைய அனுப்பும் சுருள் உங்கள் ஏற்கும் சுருளில் ஓலமிடும். "நீங்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கேட்டு, அதிர்வெண்ணைச் சிறிது நகர்த்தும் குமிழைத் திருகிக்கொள்வார்கள்.

தோண்டுவதிலும் முறை உண்டு. புல்லை மூன்று பக்கம் கத்தியால் கீறி, நாலாவது பக்கத்தைக் கதவின் கீல்போல விட்டு மடக்கித் திறக்கிறார்கள். மண்ணைப் புல்மேல் கொட்டாமல் ஒரு துணியில் அள்ளி வைக்கிறார்கள். பொருளை எடுத்ததும் மண்ணைத் திரும்பக் கொட்டி, புல்லை மூடி மிதித்துவிடுகிறார்கள். மறுநாள் வருபவருக்கு அடையாளம் தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த முறை நகராட்சி அனுமதி தராது. சில கூட்டங்களில் அமைப்பாளர்களே பழைய காசுகளை முன்கூட்டிப் புதைத்து வைத்துப் போட்டியும் நடத்துகிறார்கள். சிறுவர்களுக்கு அது தனிக் கொண்டாட்டம்.

பல நூற்றாண்டாக மிதிபட்டு, உழுது, குழாய் புதைத்துக் கலைந்துபோன பூங்காவின் மேல்மண்ணில் இதனால் பெரும் இழப்பு இல்லை. ஆனால் கலையாத மண் வேறு. அங்கே ஒரு காசின் மதிப்பு காசில் மட்டும் இல்லை. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. பிடுங்கி எடுத்த பிறகு அந்தச் செய்தியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. இங்கிலாந்தில் வான்பரோ என்ற ஊரில் ரோமானியர் காலக் கோயில் ஒன்றின் இடத்தை, 1980களில் உலோகங்காட்டியோடு இரவில் வந்த திருடர்கள் சூறையாடினர். அந்நாட்டில் 1996இல் புதையல் சட்டம் வருவதற்கு அந்நிகழ்ச்சி ஒரு தூண்டுதல். 1997 முதல் அங்கே பொதுமக்கள் கண்ட பொருளைத் தாமாகவே பதிவு செய்யும் திட்டமும் நடக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. அமெரிக்காவிலும் மத்திய அரசு நிலங்களில் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தேசியப் பூங்காக்களில் உலோகங்காட்டியைப் பயன்படுத்தவே கூடாது. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்து அகப்படும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும்.

பொழுதுபோக்காளரும் ஆய்வாளரும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு மான்டானா மாநிலத்தின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் சான்று. 1876 ஜூன் 25இல் அங்கே லகோட்டா, செயென் முதலிய பழங்குடி வீரர்கள், படைத்தலைவர் கஸ்டரையும் அவரோடிருந்த சுமார் 210 பேரையும் வீழ்த்தினர். அவர் பக்கத்தில் ஒருவரும் பிழைத்து வந்து கதை சொல்லவில்லை. 1983இல் காட்டுத் தீ பரவிப் புல்லை எரித்து, நிலத்தைத் திறந்து காட்டியது. மறு ஆண்டு, தொல்பொருளாளர்களின் மேற்பார்வையில் உலோகங்காட்டி வைத்திருந்த தொண்டர்கள் வரிசையாக நடந்தார்கள். ஒலி கேட்ட இடத்தில் அவர்கள் தோண்டவில்லை. கொடியை மட்டும் நட்டார்கள். பின்னால் வந்த குழு தோண்டி, இடத்தை அளந்து குறித்துக்கொண்டது. தோட்டா உறையின் அடியில் துப்பாக்கி ஊசி பதித்த தழும்பு, கைரேகை போலத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். ஒரே துப்பாக்கியின் உறைகள் எங்கெங்கே கிடந்தன என்று வரைபடத்தில் இணைத்தபோது, ஒவ்வொரு துப்பாக்கியும் நகர்ந்த பாதை 108 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. பழங்குடியினரிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் ஏராளமாக இருந்ததும் புலப்பட்டது. அந்த உறைகளை யாராவது பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் வெறும் பித்தளைதான் மிஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி என்ற ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1992 நவம்பரில் ஒரு விவசாயி தம் வயலில் சுத்தியல் ஒன்றைத் தொலைத்துவிட்டார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பரிடம் உலோகங்காட்டி இருந்தது. தேடித் தரும்படி கேட்டுக்கொண்டார். நண்பர் தேடியபோது வேறு ஒலி கேட்டது. வெள்ளிக் கரண்டிகள், தங்கச் சங்கிலி, காசுகள். கொஞ்சம் எடுத்தவுடன் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். மறுநாளே தொல்பொருளாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். ரோமானிய ஆட்சி பிரிட்டனில் முடிந்த ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்ட பெருஞ்செல்வம் அது. நாணயங்கள் மட்டும் ஏறக்குறைய 15,000. பெட்டியின் மரம் மக்கிப்போயிருந்தது. ஆனால் கீல்களும் பூட்டுகளும் பண்டங்களும் கிடந்த கிடையிலிருந்து, எது எதன்மேல் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதைக்கூட அறிய முடிந்தது. அவருக்கு 17 லட்சத்து 50 ஆயிரம் பவுன் பரிசு கிடைத்தது. அதை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார்.

சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை.